மங்கலே போறும்

மும்பை மாட்டுங்கா ஃப்ளாட்டில் டிவி மெக்கானிக் மாரீஸ்வரன் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"பழைய வயர் போட்டிருக்கீங்க மேடம். யாரும் காப்பி பண்ணிடக் கூடாதுன்னு படக் கம்பெனிக்காரன் டிஸ்க்குலயே பூட்டு வெச்சிருக்கான். இந்த வயர்ல அந்தப் பூட்டு படத்தை மங்கலாத்தான் விடும். எச்டிஎம்ஐ வயர் போட்டா மூக்கு முழி தெளிவாத் தெரியும்."

"அதுதான் வேணும்," என்றாள் சாருலதா. "எங்க மாமனார் நடிச்ச படம். கூட்டத்துல நாலாவது வரிசையில நிக்கறார். ஞாயித்துக்கிழமை சான்பாடாலேர்ந்து எங்க அப்பா அம்மா பார்க்க வரா."

"மங்கலே போறும்," என்றார் மாமனார் நாணு.

வயர் வாங்கக்கூட மனசு வராத கஞ்சன் போலிருக்கிறது என்று மாரீஸ்வரன் நினைத்துக்கொண்டான்.

சாருலதா காபி கலக்க உள்ளே போனதும் நாணு அவன் காதருகே குனிந்தார்.

"அது நானில்லேப்பா. பதினஞ்சு வருஷமா நான்தான்னு சொல்லிண்டிருக்கேன். தெளிவாத் தெரிஞ்சா மானம் போயிடும்."

மாரீஸ்வரன் புது வயரைப் பைக்குள் திரும்பப் போட்டான். சாருலதா வந்ததும், "இந்த டிவி அந்தப் பூட்டுக்கு ஒத்து வராது மேடம். மங்கலாத்தான் பார்க்கணும்," என்றான். அவள் முகம் வாடியது. நாணு நிம்மதியாகக் காபியை உறிஞ்சினார்.

லிஃப்ட் வரை கூடவே வந்தாள் நாணுவின் மனைவி வாலாம்பாள்.

"நல்ல பொய்யாச் சொன்னேப்பா," என்றாள்.

"மாமி, உங்களுக்குத் தெரியுமா?"

"ஷூட்டிங் அன்னிக்கு ஜுரத்துல படுத்திருந்தவருக்குக் கஞ்சி வெச்சுக் கொடுத்ததே நான்தானே. படத்துல நிக்கறது எந்த ஊர் மனுஷனோ! பதினஞ்சு வருஷமா அவரைத்தான் என் ஆத்துக்காரர்னு எல்லாருக்கும் காட்டிண்டிருக்கேன்."