பை நிறையத் தக்காளி

மார்ச் 14, வெள்ளி. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். தோட்டத்துச் சாவியை மாலை வகுப்பு மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அதனால் பின்சுவர் இடுக்கு வழியாக நுழைய வேண்டியதாயிற்று.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் எல்லா வீடுகளும் சேர்ந்து போட்ட தோட்டம் அது. செடிகள் பூக்கின்றன, காய் மட்டும் கண்ணில் படுவதில்லை. யாரோ பிஞ்சிலேயே பறித்துவிடுகிறார்கள் என்பது பொதுக் கருத்து. நாளை காலை சங்கச் செயலாளர் பார்வையிட வருகிறார். காய் இருந்தால் தோட்டம். இல்லாவிட்டால் கார் நிறுத்துமிடம்.

கார் நிறுத்துமிடம் யாருக்கு வேண்டும்? இரண்டு கார் வைத்திருக்கும் முதல் மாடிக்காரருக்கு. அவர்மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆதாரம் இல்லாமல் ஒருவரைச் சந்தேகிப்பது சரியா என்று நேற்றெல்லாம் குழம்பினேன்.

இன்று குழப்பம் தீர்ந்தது. மங்கிய வெளிச்சத்தில் செடிகளுக்கு நடுவே குனிந்திருந்தார். கையில் துணிப்பை. பை நிறையத் தக்காளி.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்களா அண்ணே?"

துள்ளி எழுந்தார். "மெதுவாப் பேசும்மா! செயலாளர் காதுல விழுந்தா என் கதை முடிஞ்சுது."

"முடியட்டும். நாங்க தண்ணி ஊத்தணும், நீங்க பை தூக்கிட்டு வரணுமா?"

"ஐயோ, இந்தத் தோட்டம் போச்சுன்னா நான் எங்கே போவேன்?"

"உங்களுக்கென்ன? ஜோரா கார் நிறுத்தலாம்."

"கார் கிடக்குது கழுதை! எங்கம்மாவும் என் பொண்டாட்டியும் சாயங்காலம் ஆனா களைக்கொட்டோட இங்க வந்துதான் சண்டை போடறாங்க. அந்த ஒரு மணி நேரம்தான் நான் வீட்டுல மனுஷனா இருக்கேன். இதை மூடிட்டா அந்தக் களைக்கொட்டு நடுக்கூடத்துக்கு வந்துடும்மா!"

"அப்ப இந்தப் பை எதுக்கு?"

அலைபேசி வெளிச்சத்தைச் செடிகள்மேல் அடித்தார். பார்த்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது.

"அண்ணே, நீங்க பொறந்ததுல இருந்து ஒரு செடியைக்கூடப் பார்த்ததில்லையா?"

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?"

நாளைய வேலை: விடிந்ததும், செயலாளர் வருவதற்குள், மிளகாய்ச் செடிகளில் அண்ணன் நூலால் கட்டி வைத்திருக்கும் தக்காளிகளை அவிழ்த்து, தக்காளிச் செடிகளில் கட்டுவது.