கேட் திறக்கும்வரை

மதியம் பன்னிரண்டரை மணி. சிவகாசியில் ரயில்வே கேட் மூடியிருந்தது.

பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்திருந்த ஹரிபிரசாத், பெடலைப் பின்னால் மிதித்தால் பின்னால் உருளும், பிரேக்கே இல்லாத தன் ஃபிக்ஸட் கியர் சைக்கிளில், ஷூ காலைத் தரையில் ஊன்றாமல் பெடலை முன்னும் பின்னும் அசைத்தபடி நின்றான். இதைப் பழக அவனுக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது.

பக்கத்தில் ஒரு ஓட்டை சைக்கிளில் ஆசிப்பும் காலை ஊன்றாமல் நின்றார். பட்டாசுக் கம்பெனிக்குள் லேபிள் கட்டுகளை இறக்கிவிட்டுத் திரும்பும் அச்சகத்து ஆள்.

ஹரிக்குச் சுருக்கென்றது. “பாய், கேட் திறக்குற வரைக்கும் இப்படியே நின்னுட்டீங்கன்னா இந்த சைக்கிள் உங்களுக்கு.”

ஆசிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை இடமும் வலமும் ஒடித்தார்.

சரக்கு ரயில் வந்தது. பெட்டிகள் முடிவதாக இல்லை. ஹரியின் தொடை நடுங்கியது. ஆசிப்பின் சைக்கிள் சரிந்து, எப்படியோ நிமிர்ந்தது.

ஹரி காலை ஊன்றிவிட்டான். கேட் உயர்ந்தபோதும் ஆசிப் ஊன்றவில்லை.

“எடுத்துக்கோங்க. எங்க பழகுனீங்க?”

“பழக்கமெல்லாம் இல்ல தம்பி. உரசித் தீப்பிடிக்கும்னு கம்பெனிக்குள்ள செருப்போட விட மாட்டாக. வாசல்ல கழட்டிப் போட்டதை எவனோ மாட்டிட்டுப் போயிட்டான். இந்தத் தார்ல வெறுங்காலை எப்பிடி வைக்க? சைக்கிளை நீங்களே வச்சுக்கிடுங்க. அந்த ஷூவை மட்டும் கழட்டிக் குடுங்க.”