நீச்சல்குளத்துக்கு வழி

"அக்கா, அந்த இடிஞ்ச அரண்மனை பக்கத்துல நீச்சல்குளம் உள்ள ஹோட்டல் ஒண்ணு இருக்காமே. எப்படிப் போவணும்?"

காரிலிருந்து இறங்கிய அன்சார் கேட்டதும் டீக்கடை ஈஸ்வரிக்குச் சுர்ரென்று ஏறியது. டீ ஆற்றுவதை நிறுத்தினாள்.

"அரண்மனை பாக்க வந்தீங்களா, குளிக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான். துபாய்லேருந்து லீவுல வந்திருக்கோம். நீச்சல்குளம் இருந்தாத்தான் வருவேன்னு பிள்ளை அடம் பிடிச்சுது."

பின்சீட்டில் எட்டு வயது மகள், நீச்சல் கண்ணாடியை நெற்றியில் மாட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பக்கம் பாருங்க தம்பி. அது என் வயல். ஆத்துல தண்ணி விட்டு ஒரு மாசமாச்சு, கடைமடைக்கு இன்னும் எட்டிக்கூடப் பாக்கல. நட்ட பயிரு கருகுது. போர் மோட்டார் தண்ணி இழுக்கலைன்னு எங்க வீட்டுக்காரர் தலையில கை வச்சுட்டாரு. இதுல உங்களுக்கு முங்கிக் குளிக்கக் குளம் கேக்குதா? அந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?"

அன்சார் முகம் வாடிவிட்டது. காருக்குள் அவர் மனைவி நஃபீசா மகளிடம் ஏதோ சொன்னாள். மகள் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டாள்.

"அவங்க சொல்றது நியாயம்தாங்க," என்றாள் நஃபீசா. "ரூம் வேணாம்னு போன் போட்டுச் சொல்லிடுங்க. அரண்மனையைப் பாத்துட்டு முத்துப்பேட்டை வீட்டுக்கே திரும்பிடுவோம்."

கார் போனதும், டீ குடித்துக்கொண்டிருந்தவர்களை ஈஸ்வரி ஒரு பார்வை பார்த்தாள்.

"யாராவது கேட்டாத்தானே இவங்களுக்கெல்லாம் உறைக்குது."

அரை மணி கழித்து அவள் புருஷன் துரைராசு, டேங்கர் மாட்டிய டிராக்டரைக் கடை முன்னால் நிறுத்தினார். டேங்கர் தளும்பிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"எவளோ ஒருத்தி ரோட்டுல நின்னு நியாயம் பேசியிருக்கா. வந்த பார்ட்டி ரூமே வேணாம்னுட்டாங்களாம். இன்னிக்குக் குளத்துக்குத் தண்ணி வேணாம், திருப்பி எடுத்துட்டுப் போங்கறான் ஹோட்டல் மேனேஜர்."

டீ குடித்தவர்கள் கிளாஸுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

"எந்தத் தண்ணி?" என்றாள் ஈஸ்வரி.

"நம்ம போர்த் தண்ணிதான். இலவச கரண்டு. மூணு மாசமா ஊத்துறேன். உன் கழுத்துல கெடக்குற புதுச் சங்கிலி என்ன, நெல்லு வித்தா வந்துச்சு?"

"மோட்டார் இழுக்கலைன்னீங்க?"

"வயலுக்கு இழுக்கல."

ஈஸ்வரி வயலைப் பார்த்தாள். சங்கிலியைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்போது இன்னொரு கார் வந்து நின்றது. "அம்மா, இங்க நீச்சல்குளத்தோட ஒரு ஹோட்டல்..."

டீ கிளாஸை வைத்துவிட்டு ஈஸ்வரி ரோட்டுக்கே ஓடி வந்தாள்.

"நேரா போங்க தம்பி, அரண்மனை தாண்டினதும் இடது பக்கம். பிள்ளைங்களை நல்லா முங்கிக் குளிக்கச் சொல்லுங்க. தண்ணிய தினமும் புதுசா மாத்துறாங்க."