ஐந்தாம் வண்டியின் பதில்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் கணினிகளுக்குள் வெளியாட்கள் புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. தினமும் காலை பத்து மணிக்கு எல்லா வண்டிகளுக்கும் ஒரு பொய் அழைப்பை அனுப்பி, நெட்வொர்க் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பேன். புதிதாக யோசிக்கச் சோம்பல்பட்டு, மூன்று வருடமாக ஒரே வாசகத்தையே அனுப்பிவந்தேன்: ‘மூன்றாம் மாடிப் பெரியவர் படியில் விழுந்துவிட்டார். இடது காலில் அடி.’ அப்படி ஒரு வீடும் கிடையாது, ஆளும் கிடையாது.

இன்று ஐந்தாம் வண்டியிலிருந்து திரையில் பதில் வந்தது: ‘வந்து சேர்ந்தாச்சு.’

எங்களிடம் இருப்பதே நான்கு வண்டிகள்தான். நான்கும் வாசலில் நின்றன.

மூத்த டிரைவரைக் கூப்பிட்டேன். “யாருண்ணே விளையாடுறது?”

“எல்லாரும் இங்கதானே சார் நிக்கிறோம். உங்களுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்.”

எவனோ உள்ளே புகுந்துவிட்டான் என்று பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றினேன். அப்போதும் மனசு கேட்காமல் நெட்வொர்க் வயரையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

டிரைவர் திரையைக் காட்டினார். “சார், இன்னொண்ணு வருது.”

‘பெரியவரை ஏத்தியாச்சு. தினமும் எதுக்கு என்னைத் தள்ளிவிடுறீங்கன்னு கேக்குறார். என்ன சொல்லட்டும்?’