தாட்சாயணியின் பெல்ட்

"அத்தே, அந்த பெல்ட்டை எங்கனா கொண்டு போய்க் கொளுத்திடலாம் அத்தே."

"கை வெச்சினா பாரு!" என்று சீறினாள் செல்லியம்மா.

இந்திராணி வாயை மூடிக்கொண்டாள். மாமியாரை எதிர்த்துப் பேசி ஜெயித்தவர்கள் நாராயணவனத்திலேயே கிடையாது.

அறைச் சுவரில் ஆணியில் தொங்கியது அந்த முதுகு பெல்ட். தடித்த தோல், இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, முன்னால் இழுத்துக் கட்ட வார். செல்லியம்மாவின் மகன் எத்திராஜின் முதல் மனைவி தாட்சாயணிக்கு முதுகு வலி என்று மிஷன் ஆஸ்பத்திரியில் கொடுத்தது. நடந்தால் கிறீச் கிறீச்சென்று சத்தம் போடும். அதைப் போட்டுக்கொண்டுதான் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று படிக்கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தாள். போன வருஷம் ஒரு நாள் அந்தப் படியிலேயே சாய்ந்து விழுந்து செத்தும் போனாள்.

"பெல்ட்டாம் பெல்ட்டு! வேலைக்கு வளையாத ஒடம்புக்கு ஒரு வேஷம்" என்று கிணற்றடியில் நாலு பேர் சிரிக்க அவளைக் கேலி செய்தவள் இதே செல்லியம்மாதான். பாவி மனுஷி என்று ஊர் இன்னும் பேசுகிறது.

இரண்டாம் தாரமாக வந்த இந்திராணி, வந்த புதிதில் ஒரு நாள், "இடுப்பு விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது அத்தே" என்று சொல்லித் தொலைத்தாள். மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

மறுநாளிலிருந்துதான் அது ஆரம்பித்தது.

கழனியில் இருக்கும் எத்திராஜுக்கு உச்சி வேளையில் சோறு கொடுத்துவிட்டுத் திரும்பினால், வீட்டில் குடம், அண்டா எல்லாம் தளும்பத் தளும்பத் தண்ணீர். வாசலிலிருந்து அடுப்படி வரை தரை ஈரம். ஆள் அரவமே இருக்காது. மாமியார் பக்கத்துத் தெருவில் தாயம் ஆடப் போயிருப்பாள்.

உச்சி வேளையில் அந்தக் கிணற்றுப் பக்கம் யாரும் தலை வைத்துப் படுக்க மாட்டார்கள். காத்து கருப்பு உலாத்துகிற நேரம். தாட்சாயணி விழுந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

ஒரு நாள் கழனியிலிருந்து திரும்பியதும் இந்திராணி துணிந்து அந்த பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். தோல் சூடாக இருந்தது. உள்பக்கம் வியர்வைப் பிசுபிசுப்பு.

அலறிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

"நானும் கேட்டேன்டி" என்றாள் சந்திரம்மா, குரலைத் தாழ்த்தி. "கதவைச் சாத்திக்கினு உள்ள குந்திக்கினு இருந்தேன். தெருவுல கிறீச் கிறீச்சுன்னு போச்சு. அவ நடைதான். செத்தும் இந்த வூட்டு வேலை அவளை வுடலியே!"

"என்னை இன்னா பண்ணுவாக்கா?"

"அவ எடத்துல நீ வந்துகீற. சும்மா வுடுவாளா?"

ஊர் ஆந்திராவோடு இருக்குமா, மெட்ராஸோடு சேருமா என்று டீக்கடையில் தமிழும் தெலுங்கும் முட்டிக்கொண்டிருந்த சமயம் அது. தாட்சாயணி நடமாடுகிறாள் என்பதில் மட்டும் இரண்டு பாஷைக்காரர்களுக்கும் ஒரே கருத்து.

அப்பாவோடு பிறந்த வீட்டுக்கே போய்விட இந்திராணி துணிமணிகளை மூட்டை கட்டிவிட்டாள்.

"நாளைக்கு எங்க நைனா வராரு. நான் சத்தியவேட்டுக்கே போயிடறேன். திரும்பி வர மாட்டேன்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். எத்திராஜ் கெஞ்சிப் பார்த்தான். அவள் அசையவில்லை.

மறுநாள் உச்சி வேளை. கடைசியாக ஒரு தடவை என்று சோற்றுக் கூடையோடு கிளம்பியவள், மோர்ச் செம்பை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினாள்.

வீட்டில் யாரும் இல்லை. ஆணியில் பெல்ட்டும் இல்லை.

தெருவில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. தூரத்திலிருந்து அந்தச் சத்தம் மட்டும் வந்தது.

கிறீச்... கிறீச்...

இந்திராணி கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள். சத்தம் வாசலுக்கு வந்தது. படி ஏறியது. ஈரப் பாதம் ஒன்று உள்ளே வந்தது. முக்காடு, நெட்டுக்குத்தாக நிமிர்ந்த முதுகு, இடுப்பில் குடம். நேராக அடுப்படிக்குப் போய்க் குடத்தை இறக்கியது.

"யம்மாடி..." என்று முனகியது.

அது கிழட்டுக் குரல்.

"அத்தே! நீங்களா?"

செல்லியம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். முக்காடு நழுவியது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"இந்த வாரை அவுத்து வுடு. கை வரல."

இந்திராணி அவிழ்த்தாள்.

"ஏன் அத்தே இந்த வேலை? ஊரே பேய்னு சொல்லுதே!"

"சொல்லிட்டுப் போவட்டும். இது இல்லாம என் முதுகு கொடம் தாங்கல. அவளைப் பாத்து சிரிச்ச வாயாச்சே என்னுது. இதைப் போட்டுக்கினு போறேன்னு தெரிஞ்சா ஊரு சிரிக்கும். அதுக்கு பேயே மேல்."

"நான் தூக்க மாட்டனா தண்ணி?"

"இடுப்பு தெறிக்குதுன்னியே. அவளும் அப்படித்தான் சொன்னா." கிழவி பெல்ட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உங்க நைனா வரட்டும். போறதுன்னா போ. நான் தடுக்க மாட்டேன்."

"நான் போகல அத்தே." மாமியாரின் முதுகை நீவிவிட்டபடியே கேட்டாள் இந்திராணி. "இதைப் போட்டா வலி நிக்குதா?"

செல்லியம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

"ஆளை நிமித்தி வைக்குது, அவ்ளோதான். வலி அப்படியேதான் கீது. அப்பவே அவ ரெண்டு கொடத்துல ஒண்ணை நான் வாங்கியிருந்தா, இந்த பெல்ட்டே அவளுக்கு வேண்டியிருந்திருக்காதுடி."