மைக்கைக் கீழே பிடி!

உள்ளூர் டிவியில் இருபது வருஷமாகச் செய்தி வாசிப்பவளைப் பேட்டி எடுக்க வந்த பத்திரிகை நிருபர், நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“ஊரே உங்க உச்சரிப்புக்கு அடிமை, மேடம். யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?”

“எங்கம்மாகிட்ட.”

“டீச்சரா?”

“தையல்காரங்க.” ஜன்னலோரம் முதுகைக் காட்டி மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவரைக் கை காட்டினாள். “ஒரு நியூஸ் விடமாட்டாங்க. வார்த்தையை மென்னு முழுங்கினா, வாசல்லயே திட்டு விழும்.”

அம்மாவுக்கு எதிரே டிவி சத்தமில்லாமல் ஓடியது. பேட்டிக்காகக் குறைத்திருக்கிறார்கள், என்ன மரியாதை என்று நிருபர் மெச்சிக்கொண்டார்.

“வெளியே போனா மைக்கை நெஞ்சுக்குக் கீழேயே பிடிக்கிறீங்களே, ஏன்?”

“அதுக்குத்தான் எங்க சவுண்ட்காரர் தலையில அடிச்சுக்கிறார். அம்மா உத்தரவு, என்ன பண்ண!”

சிரித்துக்கொண்டே நிருபர் அந்தப் பக்கம் திரும்பி உரக்கக் கேட்டார். “அம்மா, உங்க பொண்ணு குரல் எப்படி?”

மெஷின் நிற்கவில்லை.

மகள் எழுந்துபோய்த் தோளைத் தொட்டாள். திரும்பிய அம்மாவின் கண்கள் நேரே மகளின் உதட்டில் போய் நின்றன. அந்தக் கேள்வியையே மகள் நிறுத்தி, நிதானமாகச் சொன்னாள்.

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“குரலை நீங்கதான் சொல்லணும், தம்பி. இவ பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்குக் காது போயிடுச்சு. ஆனா ஒண்ணு, இவ வாசிச்சு எனக்குப் புரியாத செய்தி இதுவரைக்கும் ஒண்ணுகூட இல்ல!”