டிஸ்குக்கு லீவு

“ஞாயித்துக்கிழமை லீவு கேக்கறியே, சர்வர் என்னைக்காவது லீவு கேட்டிருக்கா?”

சதாசிவம் இப்படிக் கேட்டதும், சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஜீவன் மூன்றாவது முறையாகச் சொல்லிப் பார்த்தான். “இல்ல பாஸ், அன்னைக்கு எனக்கு...”

“எல்லாருக்கும் அன்னைக்கு ஏதோ ஒண்ணு இருக்கும் லா. போய் வேலையைப் பாரு.”

பிறர் பேச்சை முழுதாகக் கேட்கும் வழக்கம் சதாசிவத்துக்குக் கிடையாது. ஜொகூர் பாருவில் சர்வர்களை வாடகைக்கு விடும் கம்பெனி அவருடையது. அங்கே மிஷின்களுக்கு இரவும் பகலும் ஏர்கான். ஆள்களுக்கு ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் முனகிக்கொண்டே சுற்றும்.

இன்றைக்கு அவருக்கு வேறு தலைவலி. மூவாரிலிருந்து நாற்காலி மேசை ஏற்றிச் செல்லும் லாரிகளின் சொந்தக்காரர் காளியப்பன்தான் கம்பெனிக்குப் பெரிய வாடிக்கையாளர். ஒவ்வொரு லாரியும் தான் எங்கே இருக்கிறது என்பதை இங்குள்ள சர்வருக்குச் சொல்லிக்கொண்டே போகும். ஒரு வாரமாக அந்த சர்வர் ஆமை வேகத்தில் நகர்ந்தது.

“லாரி சிங்கப்பூர் போய்ச் சேந்துருச்சு, உங்க ஸ்கிரீன்ல இன்னும் பாதி வழியில ஆயர் ஈத்தாம்லயே நிக்குது. இப்படியே இருந்தா வேற கம்பெனி பாத்துக்கறேன்” என்று காளியப்பன் காலையில்தான் போனில் சொல்லியிருந்தார். அவர் போனால் கம்பெனியில் பாதி போய்விடும். சதாசிவம் ஜீவனை மறுபடி கூப்பிட்டார்.

“புது எஸ்எஸ்டி டிஸ்க்குதானே போட்டோம்? அதுக்கு என்ன கேடு?”

“டிஸ்க் நல்லாத்தான் இருக்கு பாஸ். மூச்சு விட நேரமில்ல, அதான். மாமாக் சாப்பாட்டுக் கடையில கூட்டம் வந்துகிட்டே இருந்தா எப்ப தட்டு கழுவறது? ஆளு வந்து உக்காந்தப்புறம் ஒவ்வொரு தட்டா கழுவிக் குடுத்தா லேட்டாகும்தானே? இதுவும் பழசை அழிச்சாத்தான் புதுசை எழுத முடியும். சும்மா இருக்கறப்பதான் அழிக்கும். நாம சும்மா இருக்கவே விடறதில்ல.”

சதாசிவத்தின் முகம் இளகியது. “பாவம் லா அது,” என்றார். மனதாரத்தான் சொன்னார். “எவ்வளவு நேரம் ரெஸ்ட் வேணும்?”

“முழுசா ஒரு நாள் குடுத்தா நல்லது பாஸ். ஆனா அன்னைக்கு லாரி ஓடக்கூடாது.”

சதாசிவம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சட்டென்று பொறி தட்டியது.

“ஞாயித்துக்கிழமை காளியப்பன் மகளுக்குக் கல்யாணம். லாரி ஒண்ணுகூட ஓடாது. அன்னைக்கே குடுத்துருவோம்.” இந்த யோசனை ஜீவனுக்கு வரவில்லையே என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

“நான் வந்து பக்கத்துல இருந்து பாத்துக்கவா பாஸ்?”

“நீ உள்ள போனா அதுக்கு வேலைதானே?”

“நான் எட்டிப் பாத்தாக்கூட அதுக்கு வேலைதான்.”

“அப்ப நீ அன்னைக்கு இந்தப் பக்கமே வராத. அது நிம்மதியா இருக்கட்டும்.”

“சரி பாஸ்,” என்று ஜீவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஞாயிறன்று, அழைப்பிதழில் மண்டபத்தின் விலாசத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மூவாருக்கு வந்த சதாசிவம், பரிசுப் பொட்டலத்துடன் மேடையேறினார். மணப்பெண் ஷர்மினியை வாழ்த்திவிட்டு மாப்பிள்ளை பக்கம் கையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். மாலையும் தலைப்பாகையுமாக நின்றிருந்தான் ஜீவன்.

“நீ...”

முதல்முறையாக அவருடைய பேச்சு பாதியில் நின்றது. காளியப்பன் சிரித்துக்கொண்டே வந்து அவர் தோளில் கைபோட்டார்.

“கோவிச்சுக்காதீங்க சதாசிவம். நிமிஷத்துக்கு ஒரு தரம் எங்க இருக்கேன்னு சொல்ற லாரிய எல்லாம், செகண்டுக்கு ஒரு தரம் சொல்ல வச்சு உங்க சர்வரைத் திணற வச்சது நான்தான். நாளைக்கே பழையபடி மாத்திடறேன். மனுசன் கேட்டா லீவு குடுக்க மாட்டாரு, மிஷினுக்குன்னா உடனே குடுத்துருவாருன்னு மாப்பிள்ளைதான் சொன்னாரு.”